பாதாள ரயிலும் விமான நிலையமும் – பெங்களூர்த் தமிழர் அறிய வேண்டிய ஒரு பாடம்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் விமான நிலையத்துக்குப் போகாத குடும்பம் இன்று அநேகமாக இல்லை. மகன் மேற்படிப்புக்கு அயல்நாடு போகிறான். மகள் பிரசவத்துக்காகத் தாய் வீடு வருகிறாள். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெற்றோர் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரில் ஒரு துக்கச் செய்தி என்றால் இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே நிற்பது ஒரே கேள்விதான்: "ஹெப்பாளில் எவ்வளவு நெரிசல் இருக்கும்?"

இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் பாதை அமைக்கப்பட்டு வருகிறது. அதன் ஒரு பகுதி நம் முன்னோர் குடியேறிய கன்டோன்மென்ட், சிவாஜிநகர்ப் பகுதிகளின் அடியில், பாதாளத்தில் செல்லும் இன்னொரு பாதையோடு இணைகிறது. அந்தப் பாதை எது, ஏன் ஓரிடத்தில் மண்ணுக்கு அடியிலும் வேறோரிடத்தில் தூண்களின் மேலும் செல்கிறது, பெங்களூரின் பாறையை எப்படிக் குடைந்தார்கள், இதனால் நமக்கு ஆகப்போவது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரோடு சேர்ந்து படிக்கும்படி எளிமையாக எழுதப்பட்டுள்ளது. இறுதியில் சில பயிற்சிக் கேள்விகளும் உண்டு.

1. விமான நிலையம் ஊரைவிட்டுத் தள்ளிப்போன கதை

2008ஆம் ஆண்டுவரை பெங்களூரின் பயணிகள் விமான நிலையம் எச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது. அல்சூரிலிருந்தோ இந்திராநகரிலிருந்தோ ஆட்டோ பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தச் சாலையை இன்றும் 'பழைய ஏர்போர்ட் ரோடு' என்றே அழைக்கிறோம். 2008 மே மாதம் 24ஆம் தேதி, நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் செயல்படத் தொடங்கியது. திப்பு சுல்தான் பிறந்த ஊர் அது. நகர மையத்திலிருந்து சுமார் 35 கி.மீ. தூரம். 2013இல் அதற்குப் பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடரின் பெயர் சூட்டப்பட்டது. 2022 நவம்பரில் இரண்டாவது முனையத்தின் திறப்பு விழா நடந்தது.

விமான நிலையம் பெரிதானது, வசதிகள் பெருகின. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி ஒன்றாகவே இருந்தது. நகரின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் பெரும்பாலோர் ஹெப்பாள் வழியாக பல்லாரி ரோட்டைப் பிடித்தாக வேண்டும். 'வாயு வஜ்ரா' பஸ்கள் நன்றாக ஓடுகின்றன. ஆனால் பஸ்ஸும் அதே சாலையில், அதே நெரிசலில்தான் நிற்கிறது. விமான நிலையத்தின் அருகிலேயே ஒரு சிறு ரயில் நிறுத்தம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் அங்கே நிற்கும் ரயில்கள் சிலவே. எனவே பயணிகள் இரண்டு மணி நேரப் பறத்தலுக்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்பும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. விமான நிலையம் என்றால் பயணிகள் மட்டும் அல்ல. மூட்டை ஏற்றுவோர், துப்புரவுப் பணியாளர், காவலர், உணவகச் சிப்பந்திகள் என்று பல்லாயிரம் பேர் நாள்தோறும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். டாக்சி கட்டணம் கொடுத்துப் போகக்கூடியவர்கள் அல்லர் அவர்கள். ஒரு ரயில் பாதையின் தேவை அவர்களுக்குத்தான் அதிகம்.

2. இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம்

பெங்களூர் மெட்ரோவில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வண்ணம் உண்டு. விமான நிலையத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, நீல வழித்தடம். இது சில்க் போர்டு சந்திப்பில் தொடங்கி, எச்.எஸ்.ஆர். லேஅவுட், பெள்ளந்தூர், மாரத்தஹள்ளி வழியாக கே.ஆர். புரம் வரும். அங்கிருந்து கஸ்தூரிநகர், ஹொரமாவு, கல்யாண்நகர், நாகவாரா, ஹெப்பாள், எலஹங்கா வழியாக விமான நிலையம் சேரும். மொத்த நீளம் 58.19 கி.மீ.; நிலையங்கள் 30. இதில் சில்க் போர்டு முதல் கே.ஆர். புரம் வரை 19.75 கி.மீ.; அங்கிருந்து விமான நிலையம் 38.44 கி.மீ. மத்திய அமைச்சரவை 2021 ஏப்ரலில் இதற்கு ஒப்புதல் அளித்தபோது மதிப்பிட்ட செலவு 14,788 கோடி ரூபாய். இந்தப் பாதை பெரும்பாலும் தூண்களின் மேல் செல்வது.

இரண்டாவது, இளஞ்சிவப்பு வழித்தடம். தெற்கே பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள காளேன அக்ரஹாராவிலிருந்து வடக்கே நாகவாரா வரை சுமார் 21 கி.மீ. இதன் 18 நிலையங்களில் தெற்கே உள்ள 6 நிலையங்கள் தூண்களின் மேல் உள்ளவை. டெய்ரி சர்க்கிளிலிருந்து நாகவாரா வரை உள்ள 12 நிலையங்களும் மண்ணுக்கு அடியில் உள்ளவை. வரிசையைப் பாருங்கள்: டெய்ரி சர்க்கிள், லக்கசந்திரா, லாங்ஃபோர்டு டவுன், ராஷ்டிரிய மிலிட்டரி ஸ்கூல், எம்.ஜி. ரோடு, சிவாஜிநகர், கன்டோன்மென்ட், பாட்டரி டவுன், டானரி ரோடு, வெங்கடேஷ்புரா, காடுகொண்டனஹள்ளி, நாகவாரா.

இந்தப் பெயர்களில் பாதி நம்மவரின் பழைய முகவரிகள் அல்லவா? 1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது சென்னை ராணுவத்தோடு வந்த சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த வியாபாரிகளும் கைவினைஞர்களும் குடியேறிய பகுதி இது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் ரயில் பாதையும் கன்டோன்மென்டில்தான் வந்து நின்றது. ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து இன்னொரு ரயில் பாதை அதே கன்டோன்மென்டின் அடியில் போடப்படுகிறது.

இரண்டு பாதைகளும் நாகவாராவில் சந்திக்கின்றன. சிவாஜிநகரில் பாதாள ரயில் ஏறி, ஆறாவது நிறுத்தமான நாகவாராவில் இறங்கி, நீல வழித்தடத்து ரயிலுக்கு மாறினால் விமான நிலையம் என்பதே திட்டம்.

3. சில இடத்தில் பாதாளம், சில இடத்தில் உயரம் – ஏன்?

"லண்டனில் போல விமான நிலையம் வரைக்கும் பாதாளத்திலேயே போட்டிருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. விடை மூன்று காரணங்களில் அடங்குகிறது.

முதல் காரணம் இடம். டானரி ரோட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபுறமும் கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும் குறுகிய சாலை அது. அங்கே தூண்கள் நட்டு மேம்பாதை அமைக்க வேண்டுமானால் சாலையின் ஒரு பக்கத்தையே இடித்தாக வேண்டும். பாதாளத்தில் போனால் நிலையம் வரும் இடத்தில் மட்டும் நிலம் எடுத்தால் போதும். பல்லாரி ரோட்டிலோ சாலை அகலமானது. தூண் நட இடம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் பணம். பாதாளத்தில் ஒரு கிலோமீட்டர் அமைக்க ஆகும் செலவு, தூண்களின் மேல் அமைப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். நீல வழித்தடத்தின் மதிப்பீட்டை நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சராசரி 254 கோடி ரூபாய் வருகிறது. 58 கிலோமீட்டரையும் பாதாளத்தில் போட்டிருந்தால் செலவு எங்கே போய் நின்றிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம் காலம். தூண்களைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் நட முடியும். சுரங்கத்தை அப்படித் துண்டு துண்டாகச் செய்துவிட முடியாது. இயந்திரம் ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆக, ஊர் நெருக்கமாக உள்ள இடத்தில் பாதாளம், விரிந்த இடத்தில் உயரம் என்பது பொது விதி. சென்னையிலும் இதே கதைதான். வண்ணாரப்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை மண்ணுக்கடியில் வரும் ரயில், பிறகு மேலேறி, உயரத்தில் உள்ள மீனம்பாக்கம் விமான நிலைய நிலையத்தை அடைகிறது.

4. பெங்களூரின் பாறை

லால்பாக் தோட்டத்துக்குக் குழந்தைகளோடு போகும்போது நடுவே உள்ள பெரும்பாறையின் மீது ஏறியிருப்பீர்கள். கெம்பேகௌடர் கோபுரம் நிற்கிறதே, அதே பாறைதான். அது சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையானது என்று புவியியலார் கூறுகிறார்கள். அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். நைஸ் என்னும் இந்தவகைப் பாறை பெங்களூர் முழுவதற்கும் அடியில் கிடக்கிறது.

பாறை கடினமாக இருப்பது மட்டும் சிக்கல் அன்று. அது ஒரே சீராக இல்லை என்பதே பெரிய சிக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழைநீர் பிளவுகளில் இறங்கி மேல்பாறையை மண்ணாக்கியிருக்கிறது. எனவே மேலே செம்மண், அதன் கீழே பொடிந்த பாறை, அதனுள் ஆங்காங்கே பொங்கல் பானையில் முந்திரி போல உருண்டைக் கற்கள், அதற்கும் கீழே இறுகிய பாறை என்று அடுக்குகள் மாறிமாறி வரும். பத்தடி தள்ளினால் அடுக்கின் ஆழம் வேறாக இருக்கும்.

இதில் துளையிடும் இயந்திரத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் முகத்தின் மேல்பாதி மண்ணிலும் கீழ்ப்பாதி பாறையிலும் மோதுகிறது. பாறையை அரைக்க மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது மேலே உள்ள மண் அளவுக்கு மீறி உள்ளே சரிந்துவிடலாம். சரிந்தால் மேலே சாலையில் பள்ளம் விழும். கைவிடப்பட்டு மூடப்படாத பழைய கிணறு ஒன்று வழியில் வந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். 2023 ஜனவரியில் பிரிகேட் ரோட்டில் சுரங்கப் பணி நடந்த பகுதியில் சாலையில் பள்ளம் விழுந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது நினைவிருக்கலாம்.

5. சுரங்கம் தோண்டும் முறை

பாதாள ரயிலுக்கு இரண்டு விதமாகத் தோண்டுகிறார்கள்.

நிலையங்களை மேலிருந்து தோண்டுகிறார்கள். பெரிய குளம் வெட்டுவதுபோலப் பள்ளம் வெட்டி, பக்கச் சுவர்களும் தளங்களும் கட்டி, மேலே கூரை போட்டு மூடிவிடுவது. 1984இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் கல்கத்தாவில் ஓடத் தொடங்கியபோது பாதையின் பெரும்பகுதியையே இப்படித்தான் அமைத்தார்கள். சாலைகள் ஆண்டுக்கணக்கில் திறந்து கிடந்தன.

நிலையங்களுக்கு இடையே உள்ள பாதையை இப்போது இயந்திரத்தால் குடைகிறார்கள். அதன் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

(அ) இயந்திரம் ஒரு நீண்ட உருளை. ஏறத்தாழ ஆறரை மீட்டர் விட்டம், அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரம். அதைத் துண்டு துண்டாக நிலையப் பள்ளத்தில் இறக்கிப் பொருத்துவார்கள்.

(ஆ) முன்முகத்தில் எஃகுச் சக்கரங்கள் பதிக்கப்பட்டிருக்கும். முகம் சுழலும்போது அவை பாறையை அழுத்தி நொறுக்கும். தேய்ந்துபோன சக்கரங்களை அடிக்கடி மாற்ற வேண்டும்.

(இ) முன்னே உள்ள மண் சரியாமல் இருக்க, பென்டோனைட் என்னும் களிமண் கலந்த குழம்பை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அந்தக் குழம்பே நொறுங்கிய கல்லையும் மண்ணையும் குழாய் வழியாக மேலே கொண்டுவரும்.

(ஈ) இயந்திரம் ஓரடி முன்னேற, அதன் வால் பக்கத்தில் முன்னரே வார்த்து வைத்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்துவார்கள். அந்த வளையத்தை உதைத்துக்கொண்டுதான் இயந்திரம் அடுத்த அடி எடுத்து வைக்கும்.

(உ) வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சந்தில் சிமென்ட் கலவை செலுத்தி அடைப்பார்கள். இதில் குறை வைத்தால் மேலே உள்ள வீட்டுச் சுவரில் விரிசல் காணும்.

இளஞ்சிவப்பு வழித்தடத்தில் ஒன்பது இயந்திரங்கள் வேலை செய்தன. ஊர்ஜா, விந்தியா, அவனி, லவி, வாமிகா, வரதா, ருத்ரா, துங்கா, பத்ரா என்று அவற்றுக்குப் பெயர். முதலில் இறங்கியது ஊர்ஜா. 2020 ஜூலை 30 அன்று கன்டோன்மென்டில் தொடங்கி, 2021 செப்டம்பர் 22 அன்று சிவாஜிநகரில் வெளிவந்தது. 419 நாட்களில் குடைந்த நீளம் சுமார் 855 மீட்டர். ஒரு நாளைக்குச் சராசரி இரண்டே மீட்டர்! நாம் பத்து நிமிடத்தில் நடந்துவிடும் தூரத்தை இயந்திரம் பதினான்கு மாதங்களில் கடந்தது. அந்த நாட்கள் கொரோனா காலம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கடைசியாக, 2024 அக்டோபர் 30 அன்று துங்கா நாகவாராவில் வெளிவந்தபோது, போகவும் வரவுமான இரட்டைச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 21 கி.மீ. குடையும் வேலை முடிந்தது.

தோண்டி முடித்ததும் ரயில் ஓடிவிடாது. தண்டவாளம், மின்சாரம், சமிக்ஞை, காற்றோட்டம், தீயணைப்பு ஏற்பாடு, வெள்ளநீர் இறைக்கும் பம்புகள், இவற்றுக்குப் பின் சோதனை ஓட்டம், அதற்கும் பின் பாதுகாப்பு ஆணையரின் சான்று என்று வரிசையாக உள்ளன. திறப்புத் தேதிகள் பலமுறை தள்ளிப்போனதில் மக்களுக்கு மனக்குறை உண்டு, அது நியாயமே. ஆனால் பாதாள ரயிலில் அவசரம் காட்டக்கூடாத இடங்கள் இவை.

6. சுரங்கம் நம்மவர்க்குப் புதிதல்ல

பெங்களூருக்கு இதற்கு முன்பே பாதாள ரயில் வந்துவிட்டது. 2011 அக்டோபர் 20 அன்று எம்.ஜி. ரோட்டுக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையே உயரத்தில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, 2016 ஏப்ரல் இறுதியில் கப்பன் பார்க்கிலிருந்து சிட்டி ரயில் நிலையம் வரை மண்ணுக்கடியிலும் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பாதாள மெட்ரோ அதுதான்.

ஆனால் இந்தப் பீடபூமியின் பாறைக்குள் இறங்கி வேலை செய்த வரலாறு அதற்கும் நெடுங்காலம் முந்தியது. கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 1880களிலிருந்து 2001 பிப்ரவரியில் மூடப்படும்வரை, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தார்கள். மெட்ரோ நிலையத்தின் ஆழம் அதன் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. சுரங்கம் மூடிய பிறகு அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்றும் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அவர்கள் இறங்கும் கே.ஆர். புரமும் கன்டோன்மென்டும் இந்தப் புதிய வரைபடத்தில் முக்கியமான புள்ளிகள் ஆகின்றன.

7. பிற ஊர்கள் கற்பிக்கும் பாடம்

விமான நிலையத்துக்கு ரயில் விடுவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊரில் ஓடும் சாதாரண மெட்ரோவையே விமான நிலையம்வரை நீட்டுவது. மற்றது, நின்று நின்று போகாத தனி விரைவு ரயில் விடுவது.

லண்டன் முதல் வழியைப் பின்பற்றியது. 1977 டிசம்பரில் அதன் பிக்கடில்லி பாதை ஹீத்ரோ விமான நிலையத்தைத் தொட்டது. சிங்கப்பூரும் அவ்வாறே. 2002 பிப்ரவரியில் சாங்கி விமான நிலையத்தின் அடியில் பாதாள நிலையம் திறக்கப்பட்டது. அங்கே விமான நிலையப் பணியாளரும் பயணிகளும் ஒரே ரயிலில், ஒரே மாதிரிக் கட்டணத்தில் போகிறார்கள். கோலாலம்பூர் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 2002 ஏப்ரலில் தொடங்கிய அதன் விரைவு ரயில் 57 கி.மீ. தூரத்தை 28 நிமிடங்களில் கடக்கிறது; கட்டணம் அதிகம்.

நம் நாட்டில் டில்லி தனி விரைவு ரயிலைச் சோதித்துப் பார்த்தது. 2011 பிப்ரவரியில் 22.7 கி.மீ. நீளப் பாதை தனியார் பொறுப்பில் திறக்கப்பட்டது. பெரும்பகுதி பாதாளம். பாதையின் தாங்கிகளில் குறை காணப்பட்டதால் 2012 ஜூலையில் நிறுத்தப்பட்டு 2013 ஜனவரியில் மீண்டும் ஓடியது. எதிர்பார்த்த கூட்டம் வராமல், அதே ஆண்டு ஜூலையில் டில்லி மெட்ரோ நிறுவனமே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. கட்டணம் குறைக்கப்பட்ட பிறகே மக்கள் கூட்டம் பெருகியது.

மும்பையின் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 33.5 கி.மீ. நீளமுள்ள மூன்றாம் பாதை ஏறக்குறைய முழுவதும் பாதாளம். 2024 அக்டோபரில் முதல் பகுதியும் 2025 அக்டோபரில் கடைசிப் பகுதியும் திறக்கப்பட்டன. விமான நிலையத்தின் இரு முனையங்களையும் தொடும் அதே பாதையில் தாராவிக்கும் ஒரு நிலையம் உண்டு. தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியிலிருந்து விமான நிலையத்துக்கு நேரே ரயில்!

இவற்றிலிருந்து தெரிவது என்ன? விமானப் பயணியை மட்டும் நம்பி ஓடும் ரயில் தடுமாறுகிறது. வழியில் உள்ள பேட்டைகளையும் சந்தைகளையும் தொட்டுக்கொண்டு போகும் ரயில் நிலைத்து நிற்கிறது. பெங்களூர் இந்த இரண்டாவது வகையைத் தேர்ந்திருப்பது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. அது வேகம். மணிக்குச் சராசரி 35 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கே.ஆர். புரத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி ஆறு நிமிடம் ஆகும். சில்க் போர்டிலிருந்து ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். நள்ளிரவில் காலியான சாலையில் டாக்சி இதைவிட விரைவாகப் போய்விடும். ஆனால் மாலை ஆறு மணிக்கு மழை பெய்யும்போது? அப்போது ரயிலின் ஒரு மணி ஆறு நிமிடம் ஒரு மணி ஆறு நிமிடமாகவே இருக்கும். அந்த உறுதிதான் விமானத்தைப் பிடிக்கப் போகிறவருக்கு வேண்டியது.

8. விலை கொடுத்தவர்கள்

பாதையின் பயனைப் பேசும்போது அதற்காக இழந்தவர்களைப் பேசாமல் விடுவது முறையன்று. நிலையங்களுக்காக வீட்டையும் கடையையும் விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. இழப்பீடு சொத்துக்காரருக்குக் கிடைக்கும். அதே கடையில் இருபது ஆண்டு வாடகைக்கு இருந்து வாடிக்கையாளரைச் சேர்த்தவருக்கு அந்த வாடிக்கையை யார் கொடுப்பது? தடுப்புத் தகரங்களுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வியாபாரம் படுத்துப்போன சிறுகடைக்காரர்கள் பலர்.

உயிர்களும் போயிருக்கின்றன. 2023 ஜனவரி 10 அன்று நாகவாரா அருகே நீல வழித்தடத்தின் தூணுக்காக நிறுத்தியிருந்த இரும்புக் கம்பிக் கூடு சாலையில் சரிந்தது. ஸ்கூட்டரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு தாயும் அவருடைய சின்னஞ்சிறு மகனும் இறந்தார்கள். விமான நிலைய ரயிலில் நாம் நாகவாராவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதை நினைத்துக்கொள்வது நம் கடமை. வேலையில் வேகம் கேட்கும் நாம் பாதுகாப்பையும் அதே குரலில் கேட்க வேண்டும்.

கட்டணமும் சிந்திக்க வேண்டியது. 2025 பிப்ரவரியில் பெங்களூர் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டானரி ரோட்டுத் தொழிலாளியின் காலடியில் செல்லும் ரயிலில் அவரே ஏற முடியாத கட்டணம் இருக்குமானால், அத்தனை பாறையைக் குடைந்தும் பாதி வேலையே முடிந்ததாகும்.

9. நமக்கு எந்த வழி?

பாதைகள் முழுமையாக ஓடத் தொடங்கும்போது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வழிகளை இங்கே தொகுத்துத் தருகிறோம். வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

• சென்னை, சேலம் பக்கமிருந்து ரயிலில் வருவோர்: கே.ஆர். புரத்தில் நிற்கும் ரயிலானால் அங்கேயே இறங்கி நீல வழித்தடம். நகருக்குள் வந்து திரும்ப வேண்டியதில்லை.

• ஓசூர் வழியாக பஸ்ஸில் வருவோர்: பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கினால் 2025 ஆகஸ்டு முதல் ஓடும் மஞ்சள் வழித்தடம் உண்டு. அதில் சில்க் போர்டு வந்து நீல வழித்தடத்துக்கு மாறலாம்.

• அல்சூர், இந்திராநகர் வாசிகள்: ஊதா வழித்தடத்தில் கே.ஆர். புரம் போய் மாறலாம். அல்லது எம்.ஜி. ரோட்டில் பாதாள ரயிலுக்கு மாறி நாகவாரா போகலாம்.

• சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன், டானரி ரோடு பகுதியினர்: பாதாள ரயிலில் நாகவாரா, அங்கே ஒரே மாற்றம்.

• கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்குவோர்: மெட்ரோ நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே அமையவில்லை, சற்றுத் தள்ளி பேம்பூ பஜார் பக்கம் உள்ளது. பெட்டிகளோடு வரும் முதியோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

10. அறிவிப்பில் ஒரு கன்னடப் பாடம்

'நம்ம மெட்ரோ' என்ற பெயரே நம் இரு மொழிகளுக்கும் பொது. ரயிலில் கேட்கும் கன்னட அறிவிப்பைக் கூர்ந்து கேட்டால் நம் பிள்ளைகள் எளிதில் கன்னடம் பழகலாம். 'நில்தாண' என்பது நிலையம். 'சுரங்க' என்பது நம் சுரங்கம்தான். தமிழின் வகரம் கன்னடத்தில் பலசமயம் பகரமாகும்: வலம் அங்கே 'பல', வாயில் அங்கே 'பாகிலு'. இடம் என்பது 'எட'. திற என்பது 'தெரெ'. தமிழின் பகரம் ஹகரமாகும்: பால் 'ஹாலு', புலி 'ஹுலி', பெயர் 'ஹெசரு'. அப்படிப் பார்த்தால் காடுகொண்டனஹள்ளியில் உள்ள ஹள்ளி, நம் திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளியின் உடன்பிறப்பு!

ஓர் எச்சரிக்கை: 'முந்தின நில்தாண' என்று அறிவித்தால் 'போன ஸ்டேஷன்' என்று எண்ணி இருக்கையில் சாய்ந்துவிடாதீர்கள். கன்னடத்தில் 'முந்தின' என்றால் இனி வரப்போவது. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள்.

பயிற்சி (10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு)

1. டானரி ரோட்டில் பாதை பாதாளத்திலும் பல்லாரி ரோட்டில் தூண்களின் மேலும் அமைவதற்கு மூன்று காரணங்கள் கூறுக.

2. ஊர்ஜா இயந்திரம் நாளொன்றுக்கு இரண்டு மீட்டர் குடைந்தது. அதே வேகத்தில் உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை சுரங்கம் அமைக்க எத்தனை நாள் ஆகும்? தூரத்தைக் கண்டறிந்து கணக்கிடுக.

3. மண்ணும் பாறையும் கலந்த இடத்தில் சுரங்கம் தோண்டுவது முழுப் பாறையில் தோண்டுவதைவிடக் கடினம். ஏன்?

4. உங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து, மாற வேண்டிய நிலையங்களுக்கு வண்ணம் தீட்டுக. தாத்தா பாட்டி தனியாகப் பார்த்தே புரிந்துகொள்ளும்படி நிலையப் பெயர்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுக.

5. உங்கள் பகுதியில் மெட்ரோ வேலையால் கடையை இழந்தவர் அல்லது வேலை பெற்றவர் ஒருவரைப் பெற்றோரோடு சந்தித்துப் பேசி, அவர் சொன்னதைப் பத்து வரிகளில் எழுதிச் சங்க வகுப்பில் படித்துக் காட்டுக.